கைக்கெட்டும் தூரத்தில்

காலை மணி ஒன்பது. டில்லியின் பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. பேராசிரியர் ரவுண்ட்ஸ் வந்திருக்கிறார். பின்னால் ரெசிடென்ட்டுகள், பட்டமேற்படிப்பு மாணவர்கள், கேஸ் ஷீட்டுகளைச் சுமந்தபடி ஒரு இன்டர்ன் என்று சின்ன ஊர்வலம். முதல் தொட்டிலில் ஒன்றரைக் கிலோகூடத் தேறாத ஆண் குழந்தை. பேராசிரியர் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்க்கிறார். உச்சிக்குழியைத் தொடுகிறார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கிறார். மாணவர்களிடம் இரண்டு கேள்வி. பிறகு அடுத்த தொட்டில். மறுபடியும் வயிறு, உச்சிக்குழி, ஸ்டெதஸ்கோப்.

மூலை மேஜையில், ஏதோ சார்ட் எழுதுகிற பாவனையில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்கிறார். வயது 50ஐத் தாண்டிவிட்டது. பத்தனம்திட்டா பக்கத்துக் கிராமத்திலிருந்து, நர்சிங் முடித்த கையோடு டில்லிக்கு ரயிலேறியவர். இத்தனை வருடமாகியும் அவருடைய இந்தியில் மலையாள வாடை போகவில்லை. அவர் முன்னால் இருப்பது கட்டம் போட்ட ஒரு படிவம். குழந்தையைத் தொடும் முன் கையைச் சுத்தம் செய்தாரா? தொட்ட பின் செய்தாரா? பேராசிரியர் நான்காவது தொட்டிலை எட்டுவதற்குள் படிவத்தில் வரிசையாகப் பெருக்கல் குறிகள்.

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் என்பது அவருடைய பதவி. வார்டில் அவருக்கு வேறு பெயர்: 'ஹாத் தோனேவாலி சிஸ்டர்'. கை கழுவுகிற சிஸ்டர். கேலியாக வைத்ததுதான். அவர் கண்டுகொள்வதில்லை. கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டவர் அவர். மோதிரத்துக்கு அடியில் கிருமி தங்கும் என்பதற்காக. அவருக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி இரவு. வார்டில் தொட்டில்களைவிடக் குழந்தைகள் அதிகம். இருந்த இரண்டு நர்ஸ்களில் ஒருவர் சாப்பிடப் போயிருந்தார். ஒரு குழந்தைக்கு மூச்சுக்குழாயில் சளி அடைத்து உடம்பு நீலம் பாய, இவர் ஓடிப்போய் சக்ஷன் வைத்து உறிஞ்சி எடுத்தார். நிறம் திரும்பியது. அந்த நிம்மதி முழுசாக வருவதற்குள் பக்கத்துத் தொட்டிலில் ட்ரிப் மெஷின் அலறியது. கைக்கெட்டும் தூரம். அப்படியே திரும்பி, நகர்ந்திருந்த ஊசியைச் சரி செய்து, பிளாஸ்திரியை மாற்றி ஒட்டினார். வாஷ்பேசின் இருந்ததோ வார்டு வாசலில். போய், கழுவி, துடைத்துக்கொண்டு வர இரண்டு நிமிடமாவது ஆகும். இரண்டு நிமிடம் அன்றிரவு அவரிடம் இல்லை.

சளி எடுக்கப்பட்ட குழந்தைக்கு ஏற்கெனவே கிருமித் தொற்று இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்துக் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. உடம்பு சில்லிட்டது. ரத்தப் பரிசோதனையில் இரண்டு பேருக்கும் ஒரே கிருமி, கிளெப்சியெல்லா. ஐந்தாம் நாள் தொட்டில் காலி. செப்சிஸ் என்று எழுதி முடித்தார்கள். யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை. குழந்தையின் அப்பா அந்தச் சின்னத் துணிப்பொட்டலத்தை வாங்கி மைத்துனரிடம் கொடுத்துவிட்டு, இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இரவெல்லாம் தூங்காமல் பார்த்துக்கொண்டீர்களே என்று நன்றி சொன்னார். அந்தக் கும்பிடுதான் இன்றுவரை அவரை விடவில்லை.

அது தன் கைதான் என்று அவரால் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த மூன்று நாளில் அந்தக் குழந்தையைத் தொட்ட கைகள் எத்தனையோ. மருந்து மாற்றிக் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். ஊசி தப்பாகப் போட்டால் அங்கேயே வீங்கும். கை செய்கிற தப்பு மட்டும் மூன்று நாள் கழித்து, வேறொரு ஷிப்ட்டில், வேறொருவர் பொறுப்பில் இருக்கும்போது வெளியே வரும். கைக்குச் சொந்தக்காரருக்கு சம்மன் வருவதே இல்லை. ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஏன் கை கழுவுவதில்லை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அலட்சியம், சோம்பல் என்று பதில் வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத குற்றத்துக்கு எவ்வளவு நாள்தான் பயப்பட முடியும் என்பது அதைவிட நேர்மையான பதில்.

இப்படியொரு கணக்கைச் சுமந்தவர்களில் மிகப் பிரபலமானவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1840களில் வியன்னா பொது ஆஸ்பத்திரியில் பிரசவ டாக்டர். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846ல் முதல் பிரிவில் இறந்த தாய்மார்கள் 11.4 சதவீதம், இரண்டாவதில் 2.8 சதவீதம். ஊருக்கே தெரிந்த கதை இது. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள். 1847ல், பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறியதில் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா இறந்துபோனார். அறிகுறிகள் எல்லாம் பிரசவ ஜுரத்தில் இறந்த பெண்களுடையது போலவே இருக்க, செம்மல்வைசுக்குப் பொறி தட்டியது. பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிற கைகள்! அந்த மே மாதம் வாசலில் குளோரின் கலந்த நீரை வைத்து, அதில் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த சாவு, ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதைதான். டில்லி நர்ஸைத் தூங்கவிடாமல் செய்தது இதன் அடுத்த பகுதி. அதே அக்டோபரில், கருப்பைப் புற்று முற்றிச் சீழ் வடியும் ஒரு பெண் முதல் படுக்கையில் சேர்க்கப்பட்டார். டாக்டர்கள் வழக்கம்போல முதல் படுக்கையில் தொடங்கி வரிசையாகப் பரிசோதித்துக்கொண்டு போனார்கள். வார்டுக்குள் நுழையும்போது குளோரினில் கழுவிய கைகள்தான். ஆனால் படுக்கைக்கும் படுக்கைக்கும் நடுவில் வெறும் சோப்பு. அவரோடு பிரசவத்துக்கு இருந்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். விஷம் பிணத்திலிருந்து மட்டும் வருவதில்லை, உயிரோடு இருப்பவரிடமிருந்தும் வரும். வாசலில் ஒரு தடவை கழுவினால் போதாது, ஒவ்வொருவருக்கும் நடுவில் கழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் கற்றுக்கொண்டது அந்த 11 சாவுகளில்தான். பின்னால் எழுதிய புத்தகத்தில் தன் கையும் இந்தப் பழிக்கு உடந்தை என்று அவர் ஒப்புக்கொண்டார். மற்ற டாக்டர்கள் அந்த மாதிரி ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. கனவான்களின் கை எப்படி அசுத்தமாகும்? வியன்னா வேலை 1849ல் போயிற்று. 1865ல் மனநோய் விடுதியில், 47 வயதில், ரத்தத்தில் விஷம் பரவி இறந்தார்.

தொட்டிலுக்குத் தொட்டில் பேராசிரியர் நகர்வதைப் பார்க்கும்போதெல்லாம் வியன்னாவின் அந்தப் படுக்கை வரிசைதான் நர்ஸின் நினைவுக்கு வருகிறது.

பேராசிரியரைக் குறை சொல்வது சுலபம். அவர் கெட்டிக்காரர், கரிசனமானவர், ஞாயிற்றுக்கிழமையும் வார்டுக்கு வருபவர். கிருமிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. டில்லி டாக்டர்களுக்கு இந்த விஷயம் தெரியாது என்று யாரும் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அதை உலகத்துக்குச் சொன்னதே அவர்கள்தான். 2011 முதல் 2014 வரை டில்லியின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சைக்கு வந்த 13,530 பச்சிளங்குழந்தைகளை ஆராய்ந்து, 2016ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். 14.3 சதவீதம் குழந்தைகளுக்கு செப்சிஸ். முதலிடத்தில் இருந்த கிருமி அசினெட்டோபாக்டர், அதற்கடுத்தது கிளெப்சியெல்லா. அசினெட்டோபாக்டர் மாதிரிகளில் 82 சதவீதம் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. இந்த அசினெட்டோபாக்டர் சாதாரணக் கிருமி இல்லை. உலர்ந்த மேஜையில், மெஷின் பொத்தானில், படுக்கைக் கம்பியில் நாள் கணக்கில் உயிரோடு உட்கார்ந்திருக்கும். ஒரு கை வந்து அழைத்துப் போகக் காத்திருக்கும்.

உலக அளவிலும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022ல் சொன்ன கணக்குப்படி, ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் ஆஸ்பத்திரியிலேயே ஒரு தொற்றாவது வந்து சேர்கிறது. அப்படித் தொற்றியவர்களில் சுமார் பத்தில் ஒருவர் இறக்கிறார்.

தெரிந்தும் ஏன் கழுவுவதில்லை? நர்ஸ் இந்தக் கேள்வியோடு வார்டைச் சுற்றி வந்தபோது அவர் முதலில் பார்த்தது மனிதர்களை அல்ல, குழாயை. வார்டு முழுவதற்கும் வாசலில் ஒரு வாஷ்பேசின். முழங்கையால் திறக்கிற குழாய்தான், ஆனால் கைப்பிடி உடைந்து, விரலால் திருக வேண்டியிருந்தது. கழுவிய விரலாலேயே அதை மூட வேண்டும். சோப்பு, டப்பாவில் தேங்கிய தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கும். துடைக்க ஆணியில் தொங்கும் ஒரு துண்டு. காலையில் தொங்கவிட்டது, மத்தியானத்துக்குள் சொட்டச் சொட்ட நனைந்து, கழுவிய கைகளுக்கெல்லாம் பொதுச் சொத்தாகிவிடும். மே, ஜூனில் தண்ணீர் நூலாக வரும். ஜனவரியில் ஐஸாக வரும். ஒரு ஷிப்ட் முழுக்க ஒழுங்காகக் கழுவுகிற நர்ஸுக்கு டில்லிக் குளிரில் விரல் மூட்டெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். வெடித்த தோலில் கிருமி இன்னும் நன்றாகக் குடியேறும். விதியை மதிப்பவருக்குத்தான் தண்டனை.

நேரக் கணக்கும் உதைத்தது. 1997ல் இரண்டு ஐரோப்பிய ஆய்வாளர்கள் உட்கார்ந்து இதைக் கணக்குப் போட்டார்கள். 12 பேர் வேலை செய்யும் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் விதிப்படி குழாய்க்குப் போய்க் கழுவினால் ஒரு ஷிப்ட்டில் 16 மணி நேரம் கை கழுவுவதிலேயே போகும். அதே வேலையைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்த ஆல்கஹால் திரவத்தைத் தேய்த்துக்கொண்டு செய்தால் 3 மணி நேரம். 16 மணி நேரத்தைக் கேட்டுவிட்டு, கொடுக்காதவரை ஒழுங்கீனம் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறது மருத்துவ உலகம், அதுவும் பல பத்தாண்டுகளாக.

இதை உடைத்தது சுவிட்சர்லாந்தில் ஜெனிவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. டிடியே பிட்டே என்ற டாக்டரின் குழு 1990களின் நடுவில் குழாயை விட்டுவிட்டு பாட்டிலைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு படுக்கையிலும் ஒரு பாட்டில். ஊழியர்களின் பையில் ஒரு சின்ன பாட்டில். சுவரெல்லாம் ஊழியர்களே யோசித்துத் தயாரித்த போஸ்டர்கள். 1994 டிசம்பரில் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997 டிசம்பரில் 66 சதவீதமாகியது. ஆஸ்பத்திரித் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கியது. 2000ல் 'லான்செட்' இதழில் வந்த அந்தக் கட்டுரையில் ஒரு சங்கடமான வரியும் உண்டு. நர்ஸ்களும் உதவியாளர்களும் திருந்தினார்கள். டாக்டர்கள் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

டில்லி வார்டுக்கு பாட்டில் வந்த கதை தனி. ஆல்கஹால் என்ற வார்த்தையைக் கேட்டதுமே ஸ்டோர் கீப்பர் மிரண்டார். யாராவது குடித்துவிட்டால்? ஆகவே வந்த பாட்டில்கள் அலமாரியில் பூட்டப்பட்டு, தலைமை நர்ஸின் இடுப்புச் சாவியில் தொங்கின. வாரம் ஒரு தடவை இன்டென்ட் எழுதி, இரண்டு கையெழுத்து வாங்கி, ஒன்றோ இரண்டோ பெற வேண்டும். படுக்கைக்கு ஒன்று என்று நர்ஸ் கேட்டபோது, இது என்ன கல்யாண வீடா என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர். உலக சுகாதார நிறுவனம் சொல்லிக் கொடுத்த சூத்திரம் அப்போதுதான் உதவிக்கு வந்தது. எத்தனாலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ, கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்ஸைடு, தோல் வெடிக்காமல் இருக்க ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவாகக் கிளிசரின், மிச்சம் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். காப்புரிமை கிடையாது. யாரும் தயாரிக்கலாம். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவில் ஒரு ஆஸ்பத்திரி இதைத் தானே கலந்து பயன்படுத்தியிருக்கிறது. அங்கே கைச்சுத்தம் 8 சதவீதத்திலிருந்து 21.8 சதவீதமானது. 21.8 எல்லாம் ஒரு சாதனையா என்று சிரிப்பவர்கள் முதலில் தங்கள் வார்டில் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம். டில்லி ஆஸ்பத்திரியின் பார்மசியில் இருந்த ஒரு வயதான பார்மசிஸ்ட், ரிட்டையர் ஆகிற வருடத்தில் ஏதாவது உருப்படியாகச் செய்வோமே என்று கலந்து கொடுக்க முன்வந்தார். தொட்டிலுக்கு ஒரு பாட்டில் வந்தது. மலையாளத்து அம்மாக்கள் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கட்டுவது போல, கழுத்தில் நூல் கட்டித் தொட்டில் கம்பியில் மாட்டினார் நர்ஸ். முழுசாகத் தேய்க்க 20, 30 விநாடி. குழாயும் வேண்டாம், துண்டும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் இது போதாது என்பதையும் அவர் சொல்லிக்கொண்டேயிருக்க வேண்டியிருந்தது. கை கண்ணுக்குத் தெரியும்படி அழுக்காக இருந்தால், மலமோ ரத்தமோ பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும்தான். சில கிருமிகளின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. ஆகவே உடைந்த குழாய்க்கும் அவர் மனு எழுதிக்கொண்டிருந்தார்.

நர்ஸ்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். ஆயாக்களும். மாணவர்களில் பாதிப் பேர். மணிக்கட்டில் கோயில் சிவப்புக் கயிறும் ஸ்மார்ட் வாட்சும் கட்டியவர்களோடு மட்டும் கொஞ்சம் வாக்குவாதம். கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்ற ஒரு பையனிடம் அவர் மல்லுக்கு நிற்கவில்லை. முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். சாமிக்கு அதில் ஆட்சேபம் இருக்காது என்பது அவர் வாதம். பேராசிரியர் விஷயத்தில்தான் அவருக்கு நா எழவில்லை. இந்திய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், ரவுண்ட்ஸ் நடுவில், மாணவர்கள் முன்னால், பேராசிரியரிடம் 'சார், கை' என்று சொல்வதா? படிவத்தில் பெருக்கல் குறி போடலாம். மாதக் கடைசியில் சராசரி எடுத்து மேலே அனுப்பலாம். அதில் யார் பெயரும் இருக்காது.

நா எழ வைத்தவர் ஒரு தாய். புலந்த்ஷெஹர் பக்கத்திலிருந்து வந்தவர், வயது 20 இருக்கலாம். ஏழு மாதத்தில் பிறந்த பெண் குழந்தை அவருக்கு. தாய்மார்களுக்கு வார்டில் விதி ரொம்பக் கறார். வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். முழங்கைவரை கழுவ வேண்டும். கழுவாமல் ஒரு அடி எடுத்து வைத்தால் ஆயா வாசலிலேயே நிறுத்திவிடுவார். இந்தப் பெண் புது மணப்பெண்ணின் சிவப்பு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டுதான் தினம் உள்ளே வருவார். ஒருநாள் ரவுண்ட்ஸ் நேரத்தில் ஓரமாக நின்றுகொண்டிருந்தவர், பேராசிரியர் தன் குழந்தையைத் தொட்டுவிட்டு நகர்ந்ததும் மெல்ல நர்ஸ் பக்கத்தில் வந்தார்.

"சிஸ்டர்ஜி, தப்பா எடுத்துக்காதீங்க. என்னைக் கழுவிட்டு வான்னு சொல்றீங்க, நான் கழுவறேன். பெரிய டாக்டர் அந்தப் பாப்பாவைத் தொட்டுட்டு அப்படியே என் பாப்பாவையும் தொட்டாரே. ஒண்ணும் ஆகாதில்ல?"

நர்ஸிடம் பதில் இல்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்லப் பல வருடத்துப் பழக்கத்தில் வாய் வந்தது. சொல்ல முடியவில்லை.

பேராசிரியர் அடுத்த தொட்டிலில் கொலிஸ்டின் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். வேறு எந்த மருந்துக்கும் மசியாத கிருமிக்குக் கடைசியாக எடுக்கிற ஆயுதம், அதையும் இப்படி அள்ளி விட்டால் நாளைக்கு என்ன மிஞ்சும் என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். நியாயமான கேள்வி. கேட்டுக்கொண்டே குழந்தையை நோக்கிக் கையை நீட்டினார். நர்ஸ் தொட்டில் கம்பியிலிருந்த பாட்டிலை எடுத்து, கோயிலில் தீர்த்தம் கொடுப்பவர் நிற்பது போல, அவர் முன்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் போனார், தொண்டை அடைத்துக்கொண்டது. பேச்சு பாதியில் நின்றது. மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள். பேராசிரியர் பாட்டிலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மாணவர்களைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று ஒழுங்காக, பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிற வரிசையில் தேய்த்தார். அவருக்கு முறை நன்றாகவே தெரிந்திருந்தது.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். இடமாற்றம்தான் என்று வார்டு முழுக்கப் பேச்சு. உள்ளே அவர் கேட்டது ஒரே கேள்வி: "சிஸ்டர், இதுவரைக்கும் என் பேரில் எத்தனை கோடு போட்டிருக்கீங்க?" சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாளிலிருந்து ஊர்வலத்தில் ஒரு மாறுதல். கேஸ் ஷீட் சுமக்கிற இன்டர்ன் பேராசிரியருக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு தொட்டிலிலும் முதலில் பாட்டிலை எடுத்துத் தான் தேய்த்துக்கொண்டு, அவருக்கும் நீட்ட வேண்டும் என்பது உத்தரவு. பேராசிரியர் தேய்த்தால் மாணவர்கள் தேய்க்காமல் என்ன செய்வார்கள்? ஜெனிவாவின் போஸ்டர்கள் டாக்டர்களிடம் செய்ய முடியாததை, கேள்வி கேட்டதே தெரியாத ஒரு கிராமத்துப் பெண் இந்த வார்டில் செய்துவிட்டுப் போனார். பேராசிரியர் ஊரில் இல்லாத வாரங்களில் என்ன நடக்கிறது என்பது படிவத்தில் இருக்கிறது. அது அவ்வளவு சந்தோஷமான வாசிப்பு இல்லை.

படிவத்தையும் அவர் முழுசாக நம்புவதில்லை. மூலையில் அவர் இருக்கிறார் என்று தெரிந்தால் கைகள் தாமாகப் பாட்டிலைத் தேடும். டொரண்டோவில் ஒரு ஆஸ்பத்திரியில் திரவப் பெட்டிகளில் மின்னணுக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். ஆய்வாளர் கண்ணில் படுகிற இடத்துப் பெட்டிகள், படாத இடத்துப் பெட்டிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு பயன்பட்டன. நியூயார்க் பக்கத்தில் இன்னொரு ஆஸ்பத்திரி தீவிர சிகிச்சைப் பிரிவில் வீடியோ கேமராவே வைத்தது. கேமரா இருக்கிறது என்று தெரிந்தும் ஆரம்பத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவான தடவைதான் கை சுத்தமானது. அந்தக் கணக்கை உடனுக்குடன் நடைவழிப் பலகையில் காட்டத் தொடங்கியதும் 80 சதவீதத்தைத் தாண்டியது. டில்லி வார்டில் கேமராவுக்கு வழியில்லை. அதனால் நர்ஸ் வாரா வாரம் காலி பாட்டில்களை எண்ணுகிறார். இரவில், அவர் இல்லாத நேரத்தில் தீர்ந்த பாட்டில் பொய் சொல்லாது என்பது அவர் கணிப்பு.

2020ல் கோவிட் வந்தபோது எல்லாம் தலைகீழானது. அவரைக் கேலி செய்தவர்கள் அவரிடமே பாட்டில் கேட்டு வரிசையில் நின்றார்கள். வார்டில் திரவம் ஆறாக ஓடியது. கூர்ந்து பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. குழந்தையைத் தொட்ட பின் தேய்த்தார்கள், தொடும் முன் தேய்த்தவர்கள் குறைவு. காலையில் மாட்டிய கையுறையோடு மூன்று தொட்டில், ஒரு செல்போன், ஒரு கதவுப்பிடி. கையுறை காப்பாற்றியது போட்டுக்கொண்டவரை மட்டும்தான். தன் உயிர் என்றால் கை தானாகப் போகிறது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒரு ஆய்வு 2011ல் வந்திருந்தது. கைச்சுத்தம் உங்களை நோயிலிருந்து காக்கும் என்ற பலகை எழுதி வைத்தால் ஊழியர்களிடம் அசைவில்லை. நோயாளிகளைக் காக்கும் என்று எழுதி வைத்தபோதுதான் திரவம் அதிகம் செலவானது. எது உண்மை? இரண்டும்தான் என்கிறார் அவர். ஊரே பயந்து கிடக்கும்போது ஒரு விதம், சாதாரண நாளில் இன்னொரு விதம். தொற்று அடங்கியதும் வாசல் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

அடுத்த வருடம் அவருக்கு ரிட்டையர்மென்ட். வார்டு வாஷ்பேசினுக்குப் புதுக் கைப்பிடி வந்துவிட்டது. துண்டுக்குப் பதில் காகிதம் வருகிறது, சில மாதங்களில் வராமலும் போகிறது. புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு அவர் நடத்துகிற வகுப்பில் ஒரு வித்தை உண்டு. ஊதா விளக்கில் ஒளிரும் ஒரு களிம்பைக் கையில் தேய்க்கச் சொல்லி, பிறகு கழுவச் சொல்லி, இருட்டறையில் விளக்குக்கு அடியில் காட்டச் சொல்வார். உள்ளங்கை சுத்தமாக இருக்கும். கட்டைவிரல் அடியும் விரல்நுனிகளும் பளிச்சென்று மின்னும். பெண்கள் சிரிப்பார்கள். அவரும் தன் கையைக் கழுவி நீட்டிக் காட்டுவார். அவசரத்தில் கழுவினால் அவருக்கும் இடது கட்டைவிரல் மின்னும். அதை மறைப்பதில்லை. அப்போது மட்டும் அந்த ஜனவரி இரவைப் பற்றி இரண்டு வரி சொல்வார். கும்பிட்டவரைப் பற்றிச் சொல்வதில்லை.

பேராசிரியர் இப்போது ஒன்பதாவது தொட்டிலுக்கு வந்துவிட்டார். இன்றைக்குப் பாட்டில் நீட்ட வேண்டிய இன்டர்ன் லீவு. அதுதான் நான்காவது தொட்டில்வரை பெருக்கல் குறிகள். ஐந்தாவதில் அவருக்கே நினைவு வந்து, மூலையைத் திரும்பிப் பார்த்து, அசடு வழியச் சிரித்து, கம்பியிலிருந்த பாட்டிலை எடுத்தார். அதற்குப் பிறகு வரிசையாக 'டிக்'. ஒன்பதாவதிலும் கை தானாகக் கம்பிக்குப் போகிறது. அழுத்துகிறார். புஸ் என்று காற்று மட்டும் வருகிறது. மறுபடி அழுத்துகிறார். பாட்டில் காலி. இரவு ஷிப்ட் தீர்த்திருக்கிறது.

நர்ஸ் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையிலிருந்த தன் சின்ன பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார். போகிற வழியில் மேஜை மேல் கிடந்த இன்டென்ட் புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொள்கிறார்.